அழிப்பதற்கு முன் வாசிக்க வேண்டிய கணக்கு

ஜூன் நடுவில் பள்ளி திறந்து, முதல் யூனிட் டெஸ்ட் விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், மும்பை தாராவியில் மாலை வகுப்பு எடுக்கும் என்னைப் போன்றவர்களைப் பெற்றோர் தேடி வருகிறார்கள். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் சொல்லி முடித்ததும், அதே மூச்சில் "இவளுக்குக் கணக்கு மட்டும் வரவே வராது டீச்சர், ரெண்டு அடி போட்டாலும் பரவாயில்லை" என்று சேர்த்துவிடுகிறார்கள். அன்பில்லாமல் சொல்வதில்லை. விடியுமுன் எழுந்து இட்லி ஊற்றும் அம்மாக்களும், தோல் பட்டறையில் இரவுவரை நிற்கும் அப்பாக்களும், தங்களுக்குக் கிடைக்காத படிப்பு பிள்ளைக்கும் கைநழுவிப் போய்விடுமோ என்ற கவலையில்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து நிற்கும் பிள்ளை, ஒரு டெஸ்டில் வாங்கிய மதிப்பெண்ணைத் தன் அறிவின் அளவாகவே எடுத்துக்கொள்கிறாள். ஆகவே சேர்க்கைக்கு நான் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றுதான்: பிள்ளையின் காதில் விழும்படி அந்த வாக்கியத்தை வீட்டில் இனி யாரும் சொல்லக் கூடாது. அடியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் பள்ளிக்குள் அதைத் தடை செய்திருக்கும்போது, பள்ளி முடிந்து களைத்து வரும் பிள்ளைக்கு டியூஷனில் அது எப்படிச் சரியாகும்?

அந்த வாக்கியம் நின்றுவிட்டால் மட்டும் தைரியம் வந்துவிடாது. அதற்கு நேர்மாறாக, "உன்னால் முடியும், நீ கெட்டிக்காரி" என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தாலும் வராது. தன் திறனில் ஒருவருக்கு நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவமே அவற்றுள் மிக வலுவானது என்றும், அடுத்தவர் வாய்ச்சொல்லால் ஊட்டும் நம்பிக்கை அதைவிட வலுக் குறைந்தது என்றும் அவர் எழுதினார். மாலை வகுப்பில் நான் கண்டதும் அதுவே. தான் யோசித்தது சரியாக இருந்தது என்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்த்தாக வேண்டும். அதை நான் அவளுக்குச் சொல்லித் தந்துவிட முடியாது. அவள் பார்க்கும்படி ஏற்பாடு செய்து தரத்தான் முடியும். பொறுமை என்று நான் இங்கே எழுதுவது அந்த ஏற்பாட்டையே தவிர, கோபத்தை அடக்கிக்கொள்வதை அல்ல.

ஏற்பாட்டின் முதல் வேலை, பிள்ளை போட்ட தவறான விடையை அழிப்பதற்கு முன் முழுதாக வாசிப்பது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கொண்டுவந்த விடைத்தாளில் 402-இலிருந்து 178-ஐக் கழிக்கும் கணக்குக்கு 376 என்று எழுதியிருந்தாள். அதற்கு மேலே 61-இலிருந்து 28 போனால் 47 என்றும், அதற்கும் மேலே 85-இலிருந்து 32 போனால் 53 என்றும் இருந்தது. கடைசியாகச் சொன்னது சரி, மற்ற இரண்டும் தவறு. பள்ளியில் தவறானவற்றுக்கெல்லாம் சிவப்பில் பெருக்கல் குறி விழுந்திருந்தது. நான் அவளிடம் 376 எப்படி வந்தது என்று மட்டும் கேட்டேன். "பெரிய நம்பர்ல இருந்து சின்ன நம்பரைக் கழிக்கணும்ல, டீச்சர்?" என்றாள். அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. நூறின் இடத்தில் 4-இலிருந்து 1 போக 3. பத்தின் இடத்தில் 0-வும் 7-ம் இருக்க, பெரியது 7 என்பதால் அதிலிருந்து 0 போக 7. ஒன்றின் இடத்தில் 8-இலிருந்து 2 போக 6. முதல் வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்த ஒரு விதியை ஏழாம் வகுப்புவரை அவள் ஓர் இடத்தில்கூட மீறாமல் கடைப்பிடித்து வந்திருக்கிறாள். அந்தத் தாளில் இருந்த தவறுகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு விதியே காரணம்.

இது அவளுக்கு மட்டும் உரிய குழப்பம் அல்ல. ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 1978-இல், பிள்ளைகளின் கழித்தல் தவறுகள் கவனக்குறைவால் கண்டபடி நேர்பவை அல்ல என்பதையும், பெரும்பாலானவை ஒரு தவறான வழிமுறையை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்பதையும் எடுத்துக்காட்டினார்கள். அவர்கள் பட்டியலிட்ட வழிமுறைகளில் இந்தப் பெண்ணுடையதும் ஒன்று. ஆசிரியராக இருக்கும் எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பத்துத் தவறு செய்த பிள்ளையிடம், "நீ செய்தது ஒரே தவறு, அதைத்தான் பத்து இடத்தில் செய்திருக்கிறாய்" என்று உண்மையாகவே சொல்ல முடியும்போது, அவள் முகத்தில் வரும் மாற்றம் எந்தப் பாராட்டுக்கும் வருவதில்லை. சரிசெய்ய வேண்டியது ஒன்றுதான் என்று தெரிந்ததும் வேலை அவள் கைக்கு அடக்கமாகிவிடுகிறது.

அதன் பிறகு 402 ரூபாயை மேசைமேல் வைத்தோம்: நான்கு நூறு ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய் நாணயம். "இதிலிருந்து எனக்கு 178 கொடு" என்றேன். நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து, "சில்லறை மாத்தணும்" என்று தானே சொல்லி, பெட்டியிலிருந்து பத்துப் பத்து ரூபாய்த் தாள்களை வாங்கிக்கொண்டாள். அவற்றில் ஒன்றையும் மாற்றிப் பத்து நாணயம் ஆக்கிக்கொண்டாள். இப்போது மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. எனக்குக் கொடுத்தது போக அவளிடம் இரண்டு நூறு, இரண்டு பத்து, நான்கு ஒன்று மீந்தது. கடன் வாங்கிக் கழித்தல் என்று பள்ளியில் சொல்வதை அவள் கடையில் சிறு வயதிலிருந்தே செய்துகொண்டிருக்கிறாள்; தாளில் 0-வுக்கு மேல் எழுதும் அந்தச் சிறிய 9 எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவளுக்கு இதுவரை புரியவில்லை. கையில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் நோட்டில் எழுதச் சொன்னேன். தாள் மாறும்போது இலக்கமும் மாறுவதை அவள் பார்த்தாள்.

அந்த உடனுக்குடன் எழுதுவது முக்கியம். கடைக்கணக்கு தெரிந்த பிள்ளைக்குப் பள்ளிக்கணக்கு தானாக வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழுவினர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடத்தி, 2025-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு அப்படி இல்லை என்று காட்டுகிறது. பல பொருள்களின் விலையைக் கூட்டி மீதிச் சில்லறையைச் சரியாகத் தரும் பிள்ளைகள், அதைவிட எளிய கணக்கைப் பள்ளிப் பாணியில் கொடுத்தபோது தடுமாறினார்கள். வேலைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகளோ தாளில் போட்டுவிட்டுச் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டு கரைகளுக்கும் நடுவில் யாராவது பாலம் கட்டினால்தான் உண்டு. 90 அடி ரோட்டுப் பக்கம் இட்லி வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் சிலர் உண்டு. அவர்கள் வாயால் சொல்லும் கணக்கை அவர்கள் எதிரிலேயே எண்களாக எழுதிக் காட்டுவதற்கு நான் மற்ற எந்தப் பயிற்சியைவிடவும் அதிக நேரம் கொடுக்கிறேன்.

அந்தப் பெண் 224 என்று எழுதி முடித்ததும் நிமிர்ந்து, "சரியா டீச்சர்?" என்று கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி இது. நான் சரி என்றும் தவறு என்றும் சொல்வதில்லை. "224-ஓடு 178-ஐக் கூட்டிப் பார்" என்கிறேன். 402 வந்துவிட்டால் அதற்குப் பிறகு என் தீர்ப்பு அவளுக்கு எதற்கு? வகுத்தலைப் பெருக்கிச் சரிபார்க்கலாம்; சமன்பாட்டின் விடையை அதற்குள்ளேயே போட்டுப் பார்க்கலாம். கணக்கைப் போடச் சொல்லிக்கொடுக்கும் அன்றே அதைச் சரிபார்க்கவும் சொல்லிக்கொடுத்துவிடுவது என் வழக்கம். ஆசிரியர் முகத்தைப் பார்த்து விடையை மாற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ள பிள்ளை, தேர்வறையில் பார்ப்பதற்கு முகம் ஏதும் இல்லாமல் கலங்கிப்போகிறாள். தன் விடையைத் தானே சோதிக்கத் தெரிந்தவள் கலங்குவதில்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் மொழிநிலைமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ், அதுவும் பெரும்பாலும் திருநெல்வேலித் தமிழ். தெருவில் இந்தி. பள்ளிப்பாடம் பலருக்கு ஆங்கிலம். மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளில் படிப்பவர்களும் இருக்கிறார்கள். இவற்றோடு 2020-இல் வந்த சட்டத்தின்படி எந்தப் பள்ளியானாலும் மராத்தி கட்டாயம். பல மொழிகள் புழங்கும் பிள்ளைக்கு அது பெரிய செல்வம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எண்களைக் கேட்டவுடன் பிடித்துக்கொள்ள வேண்டிய வயதில், இருபத்து மூன்று என்று பத்தை முன்னும் ஒன்றைப் பின்னும் வைத்துத் தமிழில் கேட்ட காது, மராத்தியில் தேவீஸ் என்று ஒன்றை முன்னே வைத்துக் கேட்கிறது. ஐம்பத்து ஒன்பது அங்கே அறுபதுக்கு ஒன்று குறைவு என்ற பொருளில் ஏகோண்ஸாட் ஆகிவிடுகிறது. இந்தச் சிரமம் மராத்தி வீட்டுப் பிள்ளைகளுக்கே உண்டு என்பதால்தான், 2019-இல் மாநிலப் பாடநூல் நிறுவனமான பால்பாரதி வெளியிட்ட இரண்டாம் வகுப்புக் கணித நூலில் தேவீஸ் என்பதோடு வீஸ் தீன், அதாவது இருபது மூன்று, என்று சொல்லும் முறையையும் சேர்த்தார்கள். மாநிலம் முழுவதும் பெரிய விவாதம் எழுந்தது. கணிதப் பாடக்குழுவின் தலைவராக இருந்த கணித அறிஞர் மங்களா நார்லிகர், பிள்ளைகளுக்கு எண் எளிதாகப் பிடிபட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு என்று அதை ஆதரித்து நின்றார்.

அவர் கேட்ட எளிமை நம் பிள்ளைகளுக்கு வீட்டு மொழியிலேயே இருக்கிறது என்பதால், கணக்கை முதலில் தமிழில் வாயால் சொல்லச் சொல்கிறேன். ஆங்கில வாக்கியத்தில் வரும் வழிக்கணக்கை வாசித்துவிட்டு விழிக்கும் பிள்ளையிடம், "கதையை மட்டும் சொல்லு, கணக்குப் போடாதே" என்றால், யாரிடம் என்ன இருந்தது, எவ்வளவு போனது, எதைக் கேட்கிறார்கள் என்று அவர்கள் பேச்சுத்தமிழிலேயே சொல்லிவிடுகிறார்கள். சொல்லி முடிக்கும்போது பாதிப் பேருக்கு வழியும் தெரிந்துவிடுகிறது. தெரியாதவர்களுக்குத் தடை கணக்கிலா, ஆங்கிலத்திலா என்பதாவது எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலம் புரியாததால் பேசாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கணக்கு வராத பிள்ளை என்று முத்திரை குத்துவது எவ்வளவு பெரிய அநியாயம்!

கேட்டுவிட்டுக் காத்திருப்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினம். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, 1970-களில் வகுப்பறை உரையாடல்களைப் பதிவுசெய்து அளந்தபோது, ஆசிரியர் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார் என்று கண்டார். அதற்குள் விடை வராவிட்டால் கேள்வி அடுத்தவருக்குப் போய்விடுகிறது, அல்லது ஆசிரியரே விடையைச் சொல்லிவிடுகிறார். காத்திருக்கும் நேரத்தை மூன்று விநாடிக்குமேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. பதில் சொல்லாமல் இருப்பது குறைந்தது. மந்தம் என்று ஆசிரியர் எண்ணியிருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடி என்று படிக்கும்போது அற்பமாகத் தோன்றும். பிள்ளை விழித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மனத்துக்குள் மூன்றுவரை எண்ணிப் பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும்.

நாங்கள் உட்காருவது குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் (எஸ்.ஆர்.ஏ.) கட்டிய 225 சதுர அடி வீட்டில். அடுத்த வீட்டுக் குக்கர் விசிலும் கீழே போகும் டெம்போவின் ஹாரனும் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் அமைதியாகக் காத்திருக்க வழியில்லை, ஆனால் காத்திருக்கலாம். கேள்வி கேட்டபின் பிள்ளையின் முகத்தை நான் பார்ப்பதில்லை, அவள் நோட்டைப் பார்க்கிறேன். முகத்தைப் பார்த்தால் அவள் என் புருவத்தில் விடையைத் தேடுகிறாள். பெரிய பிள்ளைகள் முந்திக்கொண்டு விடையைக் கத்திவிடுவதைத் தடுக்க, எல்லோரும் சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான் சொன்னபின் ஒன்றாகத் திருப்புவது என்று வைத்திருக்கிறோம். விரைவாக முடிப்பவருக்கு வகுப்பில் தனி மரியாதை கிடையாது. இதை விரைவாக முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் விரும்புவதில்லை என்பது எனக்குத் தெரியும். பிள்ளையை வேகமாக ஓட்டும் கோச்சிங் வகுப்புகள் மும்பையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவர்களுக்கு அது பொருந்தலாம். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அந்த வேகத்தில் பின்னால் விடப்பட்டவர்கள்.

பாராட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளாடியா மியூல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு புதிரைத் தீர்த்தபின் சிலரிடம் அறிவாளி என்றும், சிலரிடம் நன்றாக உழைத்தாய் என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிரில் எல்லோரும் தோற்றபோது, அறிவாளி என்று கேட்டவர்கள்தான் அதிகம் தளர்ந்துபோனார்கள். அடுத்து வந்த புதிர்களில் அவர்களுடைய மதிப்பெண்ணும் இறங்கியது. தோற்றால் அறிவு போய்விட்டது என்றல்லவா பொருளாகிறது! நான் வெறும் உழைப்பையும் பாராட்டுவதில்லை. ஒரே தவறான வழியில் பக்கம் பக்கமாக எழுதிய பிள்ளையிடம் நன்றாக உழைத்தாய் என்பது அவளுக்கு உதவாது. செய்த காரியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்: "படம் வரைந்து பார்த்தாயே, அங்கேதான் வழி கிடைத்தது." அவ்வளவு போதும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தப் பொறுமை வேறு வடிவம் எடுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர்களுக்கு நாள் குறைவு, வெட்கம் அதிகம். மகாராஷ்டிர எஸ்.எஸ்.சி. தேர்வில் அல்ஜீப்ரா 40 மதிப்பெண், ஜியோமெட்ரி 40 மதிப்பெண், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். மீதி 20 பள்ளியின் உள்மதிப்பீடு. ஒரு பையன் அல்ஜீப்ரா தாளை ஏறக்குறைய வெறுமையாகவே கொடுத்துவிட்டு வந்தான். உட்கார்ந்து பார்த்தபோது அவனுக்குப் பின்னங்களைக் கூட்டத் தெரியவில்லை, இருபடிச் சமன்பாட்டில் (x + 5)²-ஐ x² + 25 என்று எழுதினான். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து அவன் முன் வைத்திருந்தால் மறுநாள் வந்திருக்க மாட்டான். பத்தாம் வகுப்புக் கணக்குக்குள்ளேயே அந்தப் பழைய பாடத்தை நடத்த வேண்டியிருந்தது. "x-க்கு 1 போட்டுப் பார்" என்றேன். ஒரு பக்கம் 36, மறுபக்கம் 26. இரண்டும் ஒன்றில்லை என்று அவனே சொன்னான். விட்டுப்போன 10 எங்கே என்று கேட்டு, x + 5 பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரையச் சொன்னேன். ஒரு மூலையில் x², எதிர்மூலையில் 25, நடுவில் 5x பரப்புள்ள இரண்டு செவ்வகங்கள். விரலை அந்தச் செவ்வகங்கள்மேல் வைத்து, "இதைத்தான் நான் எழுதவே இல்லை" என்றான். அதற்குப் பிறகு அந்த விதியை அவனுக்கு நான் மனப்பாடமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தேர்வுத்தாளையும் அவனோடு சேர்ந்து வாசித்தேன். முதல் கேள்வியின் இரு பகுதிகளிலும் ஒரு மதிப்பெண் கேள்விகள் நான்கு நான்காக இருக்கின்றன. இரண்டாம் கேள்வியின் முதல் பகுதியில் வழிமுறையைப் பாதி எழுதிக் கட்டங்களை மட்டும் நிரப்பச் சொல்கிறார்கள். மற்றவற்றில் ஸ்டெப்புக்கு மதிப்பெண் உண்டு. தெரிந்த படிவரை எழுதிவிட்டு நிறுத்தினாலும் அதற்குரியது கிடைக்கும். இதைப் பள்ளியில் சொல்லியிருப்பார்கள். ஆனால் எதையும் எழுதத் தகுதியில்லை என்று தன்னைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது காதில் ஏறியிருக்காது. தெரிந்ததை எழுதலாம் என்ற அனுமதியை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படிப் பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் அது நிற்கும் இடத்தைப் பார்த்து அங்கிருந்து தொடங்குவதற்கு இதே மும்பையில் ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1990-களின் நடுவில் இந்நகரத்தில் தொடங்கிய பிரதம் அமைப்பு, மாநகராட்சிப் பள்ளிகளில் பால்சகி என்ற திட்டத்தை நடத்தியது. அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பை முடித்த பெண்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்து, மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேராகப் பிரித்து, நாளுக்கு இரண்டு மணி நேரம் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை இதை அளந்த பானர்ஜி, டுஃப்லோ குழுவினர் 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது; இரண்டாம் ஆண்டின் உயர்வு முதல் ஆண்டைப்போல் இரு மடங்கு; அடிநிலையில் இருந்தவர்களுக்கே அதிகப் பயன். திட்டம் நின்று ஓராண்டு ஆனபின் அந்தப் பயனில் பெரும்பகுதி கரைந்துவிட்டது என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். பானர்ஜியும் டுஃப்லோவும் 2019-இல் மைக்கேல் கிரேமருடன் பொருளாதார நோபல் பெற்றபோது பத்திரிகைகள் அவர்களைப் பற்றி நிறைய எழுதின. எனக்கோ அந்தப் பால்சகிகள்தான் நினைவில் நின்றார்கள். பெரிய பட்டம் இல்லாத, பக்கத்துச் சால் என்ற வரிசைக் குடியிருப்பில் வசிக்கும் ஒரு அக்கா, பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினால் இவ்வளவு செய்ய முடிகிறது. நம் வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, எனக்கென்ன தெரியும் என்று ஒதுங்கி இருக்கும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கரைந்துபோகும் என்பதும் உண்மை; ஒரு வருடம் கைகொடுத்துவிட்டு விட்டுவிட முடியாது.

இவ்வளவு செய்தும் அசையாத பிள்ளைகள் சிலர் உண்டு. முதலில் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்கிறேன். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு காலம் தள்ளுபவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அதுவும் காரணமில்லை, வாயால் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்கிறாள், எழுத்தைக் கூட்டி வாசிக்கவோ எண்களை இடம் மாறாமல் எழுதவோ மட்டும் தொடர்ந்து முடியவில்லை என்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் எஸ்.எஸ்.சி. தேர்வில் கூடுதல் நேரம் உட்படச் சலுகைகள் கிடைக்கும். இதற்கென்று ஒரு பிரிவு நமக்கு நடக்கும் தூரத்தில், சயான் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது என்பது தாராவியில் பலருக்குத் தெரியாது. பெற்றோரிடம் இதைச் சொல்லும்போது, பைத்தியம் என்று சொல்கிறீர்களா என்று பதறுகிறார்கள். இது மனநோய் அல்ல, அறிவுக்குறைவும் அல்ல, வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ மட்டும் வரும் ஒரு தடை என்று பொறுமையாக எடுத்துச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளை மூன்றாம் வகுப்பை எட்டுவதற்கு முன் இதை உறுதியாகச் சொல்வது கடினம் என்பதால் அவசரப்படவும் வேண்டாம். பத்தாம் வகுப்புத் தேர்வுப் படிவம் நிரப்பும் மாதம்வரை தள்ளிப்போடவும் வேண்டாம். பரிசோதனை ஒரே நாளில் முடியாது, பலமுறை போய்வர நேரிடும். பள்ளியிலிருந்து ஒரு கடிதமும், பிள்ளையின் பழைய நோட்டுகளும் விடைத்தாள்களும் கையில் இருந்தால் மருத்துவர்களுக்கு உதவியாக இருக்கும். ஆகவே மதிப்பெண் குறைந்த பேப்பர்களைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள். படிவத்தை வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காக எந்த அம்மாவும் தயங்கி நிற்க வேண்டாம். முந்தின நாள் மாலையிலேயே என்னிடம் சொன்னால், காலையில் நானும் கூட வருகிறேன்.